தனிக்குடித்தனம் என்றால் ஜாமீன் எதற்கு?

இயக்குநர் குழுவினருக்கு, குறிப்பாகத் தணிக்கைக் குழுவில் இருக்கும் மூன்று சுயேச்சை இயக்குநர்களுக்கு:

நம் கட்டுமானக் கம்பெனியின் பங்குதாரர்களுக்குப் போன வாரம் நீங்கள் அனுப்பிய தபால் வாக்கெடுப்பு அறிவிப்பை நான்கு தடவை படித்துவிட்டேன். மூன்றாவது தீர்மானத்துக்கான விளக்கக் குறிப்பில் ஒன்பதாவது பத்தியைப் பற்றித்தான் இந்த மடல். புதிய துறைமுகத்தைக் கட்டி நடத்த ஒரு தனிக் கம்பெனி, அதில் நமக்கு 49 சதவீதம், வெளிநாட்டுத் துறைமுக நிறுவனத்துக்கு 51 சதவீதம். இதுவரை சரி. அந்தத் தனிக் கம்பெனி வங்கிகளிடம் வாங்கப்போகும் கடன் முழுவதற்கும் நம் கம்பெனி கேரண்டி கொடுக்கும் என்கிறது ஒன்பதாவது பத்தி. நம் 49 சதவீதத்துக்கு மட்டும் என்றுகூட இல்லை, முழுக் கடனுக்கும். ஆனால் அறிவிப்பின் முதல் பக்கத்தில் "நான்-ரிகோர்ஸ் அடிப்படையிலான புரொஜெக்ட் ஃபைனான்ஸ்" என்று, அதாவது கடன் திரும்பாவிட்டால் வங்கி திட்டத்தின் சொத்தையும் வருமானத்தையும் தாண்டி நம்மிடம் வர முடியாது என்று, தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டும் ஒரே காகிதத்தில் எப்படி இருக்க முடியும்?

பொதுவாக இந்த மாதிரி அறிவிப்புகளை யாரும் படிப்பதில்லை, எனக்கும் தெரியும். நான் படித்ததற்குக் காரணம், ஒரு பொதுத்துறை வங்கியில் 33 வருடம் வேலை பார்த்தேன், அதில் கடைசி 14 வருடம் சென்னையில் திட்டக் கடன் பிரிவில். இப்படிப்பட்ட ஒன்பதாவது பத்திகளை அந்தப் பக்கத்திலிருந்து எழுத வைத்தவள் நான். இன்று உங்கள் கம்பெனியின் 1,400 ஷேர்களை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். பாதி என் கிராஜுவிட்டிப் பணத்தில் வாங்கியது, மீதி போனஸில் வந்தது.

மற்ற பங்குதாரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். புரொஜெக்ட் ஃபைனான்ஸ் என்பது மகனைத் தனிக்குடித்தனம் வைப்பது மாதிரி. கையில் ஒரு தொகையைக் கொடுத்து, இனி உன் வரவு உன் செலவு என்று அனுப்பிவிடுகிறோம். அவன் வாங்கும் கடனுக்கு அவன் சம்பாத்தியம்தான் பதில் சொல்ல வேண்டும், கடன் கொடுத்தவன் அப்பா வீட்டு வாசலில் வந்து நிற்கக் கூடாது. அதனாலேயே கடன் கொடுப்பவன் வட்டியைக் கூட்டிக் கேட்பான், பையன் வேலை நிரந்தரமா, சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, முதலில் எந்தச் செலவுக்குப் போகிறது என்று துருவித் துருவி விசாரிப்பான், சம்பளம் நேராக ஒரு எஸ்க்ரோ கணக்கில் விழுந்து தன் தவணை போக மிச்சம்தான் அவன் கைக்குப் போக வேண்டும் என்று எழுதி வாங்குவான். கார்ப்பரேட் ஃபைனான்ஸ் கூட்டுக் குடும்பம். கடன் அப்பா பேரில், வட்டி குறைவு, கேள்வி குறைவு, பணமும் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் கடை நொடித்தால் வீடும் போகும்.

இரண்டுமே நியாயமான ஏற்பாடுகள்தான். எது நல்லது என்று ஒரே வரியில் யாரும் சொல்லிவிட முடியாது, சொல்பவரை நம்பவும் வேண்டாம். நீங்கள் கேட்பது மூன்றாவது ஒன்று. ஊருக்குத் தனிக்குடித்தனம், உள்ளே வீட்டுப் பத்திரத்தின் பேரில் ஜாமீன் கையெழுத்து. அதிலும் அந்தத் தனிக்குடித்தன வீட்டில் பாதிக்கு மேல் சம்பந்தி வீட்டாருக்குச் சொந்தம், ஜாமீன் மட்டும் முழுக்க நம்முடையது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். திட்டத்தின் உண்மையான தொகையை விட்டுவிடுகிறேன். 1,000 கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டால் விகிதம் யாருக்கும் புரியும். 300 கோடி சொந்த முதலீடு, 700 கோடி கடன். அந்த முதலீட்டில் நம் பங்கு 147 கோடி, கூட்டாளி பங்கு 153 கோடி. துறைமுகம் நன்றாக ஓடினால் லாபத்தில் அவர்களுக்கு 51, நமக்கு 49. ஓடவில்லை, கடைசியில் எல்லாவற்றையும் விற்று 400 கோடிதான் தேறுகிறது என்று வையுங்கள். வங்கிக்கு 300 கோடி பாக்கி நிற்கும். கேரண்டி இல்லாவிட்டால் அந்த 300 கோடி வங்கிகளின் நஷ்டம், நம் நஷ்டம் 147 கோடியோடு நின்றுவிடும். கேரண்டி இருந்தால் நாம் இழப்பது 447 கோடி, கூட்டாளி இழப்பது அதே 153 கோடி. லாபத்தில் பாதிக்கும் குறைவு, நஷ்டத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. இந்தத் தீர்மானத்துக்குப் பங்குதாரர் நலன் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் விளக்கப் படத்தில் 17 சதவீத ஈக்விட்டி ஐஆர்ஆர் (போட்ட முதலீட்டின் மேல் வருடாந்திர வருமான விகிதம்) என்று பச்சைக் கட்டத்துக்குள் போட்டிருக்கிறீர்களே, அது எந்தத் தொகையின் மேல் வரும் 17? என் கணக்கின் அளவில் சொன்னால் அந்த 147 கோடியின் மேல். எங்கள் தலைக்கு மேல் தொங்குவதோ 147ம் 700ம் சேர்ந்து 847 கோடி. ஜாமீன் கொடுத்த தொகையை முதலீடாகக் கணக்கில் சேர்க்காமல் வருமான விகிதம் காட்டுவது, வீட்டை அடகு வைத்துக் கடை போட்டவன் கல்லாவில் போட்ட சில்லறையை மட்டும் முதல் என்று சொல்வது போலத்தான்.

வட்டியும் இருக்கிறது. நான்-ரிகோர்ஸ் கடனுக்கு வங்கி, சும்மா ஒரு கணக்குக்கு ஒன்றரை சதவீதம் கூடுதலாகக் கேட்கிறது என்றால், 700 கோடிக்கு முதல் வருடம் பத்தரைக் கோடி. அது இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி. திட்டம் கவிழ்ந்தால் உங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டோம் என்பதற்கு வங்கி வாங்கும் விலை அது. முழு கேரண்டி கொடுத்தால் அந்தக் கூடுதல் வட்டி இருக்கவே கூடாது, நம் கம்பெனியின் ரேட்டிங்குக்கு என்ன வட்டியோ அந்த வட்டிக்கே கடன் கிடைக்க வேண்டும். வட்டி எத்தனை என்று அறிவிப்பில் எங்குமே இல்லை. பிரீமியமும் கட்டி, விபத்துச் செலவும் நம் தலையில் என்றால் எதற்கு இந்த பாலிசி?

அப்படியானால் ஏன் இந்த ஏற்பாடு? எனக்குத் தெரிந்த வரை இரண்டு காரணம். முதலாவது, 49 சதவீதம் என்பதால் அந்தக் கடன் நம் ஒருங்கிணைந்த இருப்புநிலைக் குறிப்பில் கடனாக வராது. ஆண்டறிக்கையின் பின்பக்கம், பொடி எழுத்தில், கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி (ஏதாவது நடந்தால் மட்டும் நம் தலையில் விழும் பொறுப்பு) என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக உட்கார்ந்துகொள்ளும். கடன் விகிதம் அழகாகத் தெரியும். இரண்டாவது காரணம் அறிவிப்பின் பதினொன்றாவது பத்தியில் இருக்கிறது: துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர், கப்பல் துறை, தூர்வாரும் பணி எல்லாம் சேர்ந்த கட்டுமான ஒப்பந்தம் நம் கம்பெனிக்கே. கூட்டாளி நமக்குக் கான்ட்ராக்ட் கொடுத்தார், பதிலுக்கு நாம் ஜாமீன் கொடுத்தோம். இப்படி எழுதப்படவில்லை, ஆனால் இரண்டு பத்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் யாருக்கும் வேறு மாதிரி தோன்றாது.

கட்டுகிறவரும் முதலாளியும் ஒருவராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலுக்கடியில் ஒரு பெரிய உதாரணம் கிடக்கிறது. சானல் சுரங்கப் பாதையைக் கட்ட வந்த யூரோடனலைத் தொடங்கி வைத்தவர்கள் பத்துக் கட்டுமான நிறுவனங்களும் சில வங்கிகளும். கட்டும் ஒப்பந்தமும் அந்தப் பத்து நிறுவனங்களின் கூட்டுக்கே போனது. அரசுப் பணம் ஒரு பைசா கிடையாது என்பதில் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் உறுதியாக இருந்ததால், 1987இல் பொதுமக்களுக்கு ஷேர் விற்றார்கள், வாங்கியவர்களில் ஏராளமானோர் பிரான்சின் சிறு சேமிப்பாளர்கள். கட்டுமானச் செலவு மதிப்பீட்டைவிட 80 சதவீதம் ஏறியது. 1994இல் திறந்தார்கள், 1995 செப்டம்பரில் வட்டி கட்டுவதையே நிறுத்தினார்கள். கட்டியவர்கள் கட்டி முடித்துப் போய்விட்டார்கள், ஷேர் வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2004 ஏப்ரலில் நடந்த பொதுக்குழுவில் அந்தச் சிறு பங்குதாரர்கள் ஒன்று சேர்ந்து மொத்த இயக்குநர் குழுவையும் ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். படித்தபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது உண்மைதான். ஆனால் போர்டு மாறியதே தவிர கடன் மாறவில்லை, 2006இல் கம்பெனி கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு பாரிஸ் நீதிமன்றத்தில் நின்றது. கையெழுத்துப் போட்ட பிறகு யாரை மாற்றினாலும் அவ்வளவுதான்.

யூரோடனல் பங்குதாரர்களுக்கு ஒன்றாவது தெரிந்திருந்தது, தாங்கள் ஒரே ஒரு சுரங்கத்தில் பணம் போடுகிறோம் என்று. நாங்கள் வாங்கியது பாலமும் தண்ணீர்த் தொட்டியும் தொழிற்சாலைக் கட்டடமும் கட்டி, வருடா வருடம் சுமாரான டிவிடெண்ட் கொடுக்கும் ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஷேர். ஒரு துறைமுகத்துக்கு எத்தனை கன்டெய்னர் வரும் என்பதன் மேல் மொத்தமாகப் பந்தயம் கட்ட நாங்கள் யாரும் வரவில்லை.

இனி நான் செய்த வேலையைப் பற்றி. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2000களின் நடுவில் ஒரு சுங்கச் சாலைத் திட்டம் என் மேஜைக்கு வந்தது. எங்கள் வங்கி, சேர்ந்து கடன் கொடுத்த வங்கிகளின் கன்சார்டியத்தில் ஒரு உறுப்பினர். டி.பி.ஆர். என்ற விரிவான திட்ட அறிக்கை நல்ல கனம், அதில் போக்குவரத்துக் கணிப்பு மட்டும் தனி வால்யூம். அந்த வால்யூமை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. ஏனென்றால் ஃபைலின் மேலேயே தாய்க் கம்பெனியின் கார்ப்பரேட் கேரண்டி இருந்தது, அது பங்குச் சந்தையில் பட்டியலிட்ட, பத்து வருடமாக லாபம் காட்டிய கம்பெனி. சாலையில் லாரி ஓடாவிட்டால் என்ன, அப்பா இருக்கிறார். சாங்ஷன் கமிட்டியிலும் ஒருவரும் லாரி எண்ணிக்கையைப் பற்றிக் கேட்கவில்லை, கேரண்டி கொடுத்தவரின் நெட்வொர்த் என்ன என்று மட்டும் கேட்டார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது.

சாலை திறந்த இரண்டாவது கோடையில் நானும் கடன் கொடுத்தவர்களின் சுயேச்சைப் பொறியாளரும் சுங்கச்சாவடியில் ஏழு நாள் உட்கார்ந்து வண்டி எண்ணினோம். கணிப்பில் பாதிகூட வரவில்லை. பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போகும் பழைய சாலையில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, அந்த ஊர் டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்த அந்தப் பாதை எங்கள் தனி வால்யூமில் ஒரு அடிக்குறிப்பாக மட்டும் இருந்தது. இரண்டு வருடம் வட்டியை அசலில் சேர்த்து இழுத்தோம், அப்புறம் கேரண்டியை அழைத்தோம், அதாவது பணத்தைக் கட்டு என்று தாய்க் கம்பெனியிடம் கேட்டோம். டிமாண்ட் நோட்டீஸின் வாசகத்தை நான்தான் திருத்திக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கே புதிது. கேரண்டி அழைக்கப்பட்டதும் தாய்க் கம்பெனியின் ரேட்டிங் சரிந்தது. ரேட்டிங் சரிந்ததும் மற்ற வங்கிகள் அன்றாடச் செலவுக்கான அதன் கேஷ் கிரெடிட் வரம்பை நிறுத்தி வைத்தன. சுங்கச் சாலைக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில், லாபத்தோடு ஓடிக்கொண்டிருந்த பால வேலைகள் டீசல் வாங்கக் காசில்லாமல் நின்றன. வேலை நின்றதால் அரசுத் துறைகள் பேங்க் கேரண்டிகளைப் பணமாக்கிக்கொண்டன. ஒன்றரை வருடத்தில் அந்த ஷேர் பத்து ரூபாய்க்குக் கீழே வந்துவிட்டது. ஒரு நாள் ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் எங்கள் கிளைக்கு வந்தார். யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியவில்லை. டீமேட் ஸ்டேட்மென்டை மேஜையில் வைத்து, "மேடம், ரோடு நஷ்டம்னு சொல்றாங்க. நான் ரோட்டுல பணம் போடலையே, இந்தக் கம்பெனியிலதானே போட்டேன்?" என்றார். வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை சார், கம்பெனியைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது உண்மையான பதில் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் என் வேலையைச் செய்தேன், சட்டம் என் பக்கம் இருந்தது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. முதலில் கடனாளியிடம் எல்லா வழியிலும் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை எப்போதோ சொல்லிவிட்டது. 2016இல் திவால் சட்டம் வந்த பிறகு இன்னும் சுலபம். கேரண்டி கொடுத்த கம்பெனியையே நேராகத் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உங்கள் அறிவிப்பில் "கேரண்டி அழைக்கப்படும் வாய்ப்பு மிகக் குறைவு" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை எழுதியவர் ஒரு டிமாண்ட் நோட்டீஸையாவது பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை.

அந்தப் படிக்காத வால்யூமைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் மையமே அதுதான். கேரண்டி இல்லாத திட்டக் கடனில் வங்கிக்கு வேறு வழியில்லை, திட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். சரக்கு வருமா, அருகில் இருக்கும் துறைமுகம் கட்டணத்தைக் குறைத்தால் என்ன, ரயில் இணைப்பு இரண்டு வருடம் தாமதமானால் வட்டி கட்ட முடியுமா என்று அவர்கள் கேட்கும் கேள்வியெல்லாம் பங்குதாரருக்கும் பாதுகாப்பு. எங்களுக்காக ஒரு சந்தேகப் பிராணி உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் நோண்டுகிறது, கூலி இல்லாமல். கேரண்டி கொடுத்த அன்றே அந்தப் பிராணி தூங்கப் போய்விடும். தாபோல் மின் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். 1993இல் உலக வங்கி அந்தத் திட்டத்தின் கணக்கைப் பார்த்துவிட்டு இது கட்டுப்படியாகாது, பணம் தர மாட்டோம் என்று ஒதுங்கியது. மின்சாரம் வாங்கும் வாரியத்துக்கு மகாராஷ்டிர அரசின் கேரண்டியும், முதல் கட்டத்துக்கு மத்திய அரசின் எதிர் கேரண்டியும் கிடைத்தபின் மற்றவர்கள் கடன் கொடுத்தார்கள். 2001இல் நிலையம் நின்றது, அந்த வருடம் டிசம்பரில் அதன் பின்னால் இருந்த அமெரிக்கக் கம்பெனி என்ரானே திவால். நம்முடைய பொதுத்துறை நிதி நிறுவனங்கள்தான் அதைத் தூக்கிச் சுமந்தன. திட்டத்தைப் பார்த்தவர் விலகினார், காகிதத்தைப் பார்த்தவர்கள் கொடுத்தார்கள்.

"கேரண்டி இல்லாமல் வங்கிகள் கடன் தர மறுக்கின்றன" என்பதுதான் உங்கள் பதிலாக இருக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னீர்கள். அதுவே எங்களுக்கு ஒரு தகவல் இல்லையா? உங்கள் சரக்குக் கணிப்பை வைத்து மட்டும் பணம் தரத் தயாராக ஒரு வங்கிகூட இல்லை என்றால், அதே கணிப்பை நம்பி நாங்கள் ஏன் வீட்டைக் கொடுக்க வேண்டும்? ரிசர்வ் வங்கி 2024இல் வரைவு விதிகளில், கட்டுமானத்தில் இருக்கும் திட்டக் கடன்களுக்கு 5 சதவீதம் ஒதுக்கி வைக்கச் சொன்னது, 2025இல் இறுதி விதிகளில் அதைப் பொதுவாக 1 சதவீதமாகக் குறைத்தது. வங்கிகளின் கை அப்படியொன்றும் கட்டப்பட்டு இல்லை.

கட்டி முடிக்கும் வரைக்குமான கேரண்டி வேறு, அதை நான் எதிர்க்கவில்லை. கட்டுவது நம் கம்பெனி, கட்டும் வேலை நமக்குத் தெரியும், தாமதமானாலும் செலவு ஏறினாலும் நாம் பொறுப்பு என்பது நியாயம். சரக்கு வருமா வராதா என்பது நம் கையில் இல்லை. அது துறைமுகம் நடத்தத் தெரிந்த கூட்டாளியின் தொழில். அவர் ஏன் கேரண்டி கொடுக்கவில்லை? அவருடைய போர்டு அவருடைய பங்குதாரர்களைப் பார்த்துக்கொண்டது, வேறென்ன.

முந்த்ரா விஷயத்தையும் மறக்க வேண்டாம், அது நம் நாட்டின் மிக நல்ல பெயர் எடுத்த குழுமம் ஒன்றின் கதை. 4,000 மெகாவாட் அனல் மின் நிலையம், அதற்கென்று கோஸ்டல் குஜராத் பவர் என்ற தனிக் கம்பெனி, 2006 டிசம்பரில் யூனிட்டுக்குச் சராசரியாக 2 ரூபாய் 26 காசு என்று கேட்டு டாடா பவர் ஏலத்தை எடுத்தது. ஐந்து மாநிலங்களோடு 25 வருட ஒப்பந்தம். நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்து. இந்தோனேசிய அரசு 2010இல் விதியை மாற்றி, ஏற்றுமதி விலை சந்தை விலையை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்றது. கணக்கு முழுவதும் குப்புறக் கவிழ்ந்தது. கட்டணத்தை உயர்த்திக் கேட்டு வழக்குகள் நடந்து, 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, 51 சதவீதப் பங்கை ஒரே ஒரு ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாநிலங்களிடம் டாடா பவர் சொன்னது. ஒரு ரூபாய்! வாங்க யாரும் வரவில்லை. பெயருக்குத் தனிக் கம்பெனிதான், ஆனாலும் தாய்க் கம்பெனி வருடக்கணக்கில் அதற்குப் பணம் போட்டுக்கொண்டே இருந்தது, 2022இல் அதைத் தன்னோடு இணைத்தும்விட்டது. டாடா பவர் தாங்கியதற்கு ஒரு காரணம், 2007இலேயே இந்தோனேசியச் சுரங்கங்களில் 30 சதவீதம் வாங்கி வைத்திருந்தது, நிலக்கரி விலை ஏறியபோது இங்கே போனதில் ஒரு பகுதி அங்கே வந்தது. நம் கம்பெனிக்கு அப்படி மறுபக்கத்தில் என்ன இருக்கிறது? கன்டெய்னர் வராவிட்டால் லாபம் வரும் தொழில் ஏதாவது நம்மிடம் இருக்கிறதா?

தனிக் கம்பெனியாக வைத்திருந்தாலே தாய்க் கம்பெனிக்கு இவ்வளவு இழுபடும். சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு, போட்ட முதல் போனால் போகட்டும் என்று வெளியே வரும் உரிமைதான் நான்-ரிகோர்ஸில் பங்குதாரருக்கு இருக்கும் ஒரே சொத்து. சில சமயம் அதைப் பயன்படுத்தாமல் தாங்கிப் பிடிக்கலாம், அது உங்கள் தீர்மானம். ஆனால் அந்த உரிமையையே முதல் நாளில் எழுதிக் கொடுப்பது, அதுவும் 17 வருடக் கடனுக்கு, கட்டும் ஒப்பந்தத்தின் மூன்று வருட வருமானத்துக்காக! என் 1,000 கோடிக் கணக்கில் 600 கோடி வேலை நமக்கு வந்து, அதில் 8 சதவீதம் மிஞ்சினால் 48 கோடி. அதற்காக 700 கோடிக்கு ஜாமீன். எங்கள் கிளையில் ஒரு சின்ன கான்ட்ராக்டருக்கு பேங்க் கேரண்டி கொடுப்பதற்கே கமிஷன் வாங்குவோம், மேலே மார்ஜின் பணம் வேறு பிடித்து வைப்போம். நம் கம்பெனி இந்தக் கேரண்டிக்கு ஒரு ரூபாய்கூடக் கமிஷன் வாங்கவில்லை. விளக்கக் குறிப்பில் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

காணொளியில் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்து, எனக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். இரண்டாவது நிமிடத்தில் 49, 100 என்ற இரண்டு எண்களைச் சொன்னதும் ஒலி போய்விட்டது. தொழில்நுட்பக் கோளாறாக இருக்கலாம், நான் குற்றம் சொல்லவில்லை. எழுத்தில் பதில் தருவதாகத் தலைவர் சொன்னார். மூன்று வாரம் கழித்து வந்த மின்னஞ்சலில் ஒரே வரி: "கம்பெனியின் நீண்டகால நலனைக் கருத்தில் கொண்டு போர்டு இந்த முடிவை எடுத்துள்ளது." அதனால்தான் இந்த மடலை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நான் கேட்பது இவைதான்.

மூன்றாவது தீர்மானத்தை இந்த வடிவத்தில் திரும்பப் பெறுங்கள். இது நம் கம்பெனி பலத்தில் வாங்கும் கடன்தான் என்று நீங்கள் நினைத்தால் அதை அப்படியே சொல்லி, நம் கடன் கணக்கில் காட்டி, நம் ரேட்டிங்குக்குரிய வட்டியில், கூட்டாளியைவிட அதிகப் பங்கு வாங்கிக்கொண்டு செய்யுங்கள். நான் அதற்கு ஆதரவாகக்கூட ஓட்டுப் போடலாம். இல்லை, உண்மையிலேயே தனித் திட்டக் கடன்தான் என்றால் கேரண்டி 49 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, ரூபாயில் ஒரு உச்சவரம்பு இருக்க வேண்டும், துறைமுகம் வணிக ரீதியாக இயங்கத் தொடங்கி வட்டியும் தவணையும் சேர்ந்த தொகையைப்போல 1.2 மடங்கு வருமானம் ஈட்டி அவற்றை இரண்டு வருடம் தொடர்ந்து கட்டிவிட்டால் அது தானாகவே முடிந்துபோக வேண்டும். நீட்டிக்க வேண்டுமானால் மறுபடி எங்களிடம் வாருங்கள். கேரண்டிக்குச் சந்தை விலையில் கமிஷன் வாங்குங்கள்.

சரக்குக் கணிப்பின் சுருக்கத்தையும், கணிப்பில் 60 சதவீதம் மட்டும் சரக்கு வந்தால் கடன் கட்டும் திறன் எப்படி இருக்கும் என்ற கணக்கையும், கடன் கொடுக்கும் வங்கிகளின் சுயேச்சைப் பொறியாளர் என்ன சொன்னார் என்பதையும் வாக்கெடுப்புக்கு முன் வெளியிடுங்கள். ரகசியம் என்றால் எந்த எண் ரகசியம், யாரிடமிருந்து ரகசியம் என்று சொல்லுங்கள்.

தணிக்கைக் குழுவின் மூன்று சுயேச்சை இயக்குநர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கேரண்டியை நீங்கள் பரிசீலித்த கூட்டத்தில் யார் என்ன கேள்வி கேட்டார்கள், கூட்டாளி ஏன் கேரண்டி கொடுக்கவில்லை என்ற கேள்வி எழுந்ததா, அதற்கு நிர்வாகம் என்ன பதில் சொன்னது என்பதைப் பங்குதாரர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கேள்வியே எழவில்லை என்றால் அதையும் தெரிவியுங்கள். பத்து நிமிடத்தில் முடிந்த ஒரு கமிட்டியில் நானும் உட்கார்ந்திருந்தவள், அதனால் கேட்கிறேன்.

நம் ஷேர்களை வைத்திருக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் ஒரு வார்த்தை. இது தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனை, அதாவது கம்பெனி தன்னோடு நெருங்கிய தொடர்புள்ளவரோடு செய்யும் ஏற்பாடு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி ப்ரமோட்டர் தரப்பு இதற்கு ஆதரவாக ஓட்டுப் போட முடியாது. அதாவது முடிவு உங்கள் கையிலும் எங்களைப் போன்ற சில்லறைப் பங்குதாரர்கள் கையிலும்தான். நீங்கள் ஓட்டுப் போடாமல் ஒதுங்கவும் இப்போது விதி இடம் தரவில்லை, எந்தப் பக்கம் போட்டீர்கள், ஏன் என்று வெளியிட்டாக வேண்டும். அந்த "ஏன்" என்ற கட்டத்தில் "வணிக ரீதியாகச் சரியானது" என்று மட்டும் நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். 49க்கு 100 ஏன் சரி என்று எழுதுங்கள்.

மின்னணு வாக்கெடுப்பு 28ஆம் தேதி மாலை 5 மணிக்கு முடிகிறது. ஒரு தடவை போட்ட ஓட்டை மாற்ற முடியாது என்பதால் நான் இன்னும் போடவில்லை. உங்கள் பதிலுக்கு 27ஆம் தேதி இரவு வரை காத்திருப்பேன்.